அடைப்புக்குறிக்குள் ஒரு வண்ணத்துப்பூச்சி



நாவலாசிரியர் ஒருவர் தமது நாவலுக்குப் பின்னுரை எழுதுகிறார். நாவல் வெளிவந்து ஓராண்டு கடந்துவிட்டது. அதைச் சுற்றிப் பெரும் சச்சரவு கிளம்பியிருக்கிறது. பின்னுரையின் பிற்பகுதியில், இந்த நாவலை நினைக்குந்தோறும் தம் மனத்தில் வந்து நிற்கும் இடங்கள் சிலவற்றை அவர் எண்ணிக் காட்டுகிறார். ஒரு வகுப்பு மாணவரின் பெயர்ப்பட்டியல். சிறுநகரத்து முடிதிருத்துநர் ஒருவர் வரும் ஒரேயொரு பகுதி, அதை எழுத ஒரு மாதம் பிடித்ததாம். சிறுமி ரெனிஸ் ஆடும் காட்சி. இப்படிச் சொல்லிக்கொண்டே வந்து, மலைப்பாதையில் நிற்பவனுடைய காதுக்குக் கீழேயுள்ள பள்ளத்தாக்கு நகரத்திலிருந்து எழுந்துவரும் ஒலிகளைக் குறிப்பிடுகிறார். அவ்விடத்தில் ஓர் அடைப்புக்குறியைத் திறக்கிறார். அந்த மலைப்பாதையிலேதான் இன்ன வண்ணத்துப்பூச்சியின் பெண்ணை முதன்முதலாகத் தாம் பிடித்ததாக எழுதி, அடைப்புக்குறியை மூடிவிட்டு மேலே போய்விடுகிறார்.

அந்த நாவல் ‘லொலிற்றா’. எழுதியவர் விளாடிமிர் நபொக்கோவ். பின்னுரை எழுதப்பட்ட ஆண்டு 1956. அடைப்புக்குறிக்குள் இருக்கும் வண்ணத்துப்பூச்சியின் பெயர் சப்லிவென்ஸ்.

நாவலின் கதாபாத்திரங்களோடும் காட்சிகளோடும் ஒரு பூச்சியின் விலங்கியற் பெயரைக் கொண்டுவந்து வைப்பதென்றால் அதற்கு என்ன அர்த்தம்? வாசகர்கள் பலர் இதைப் பெரிய எழுத்தாளரின் சின்னக் கிறுக்கு என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த அடைப்புக்குறி நாவலின் உட்கதவுக்கான ஒரு திறப்பு என்றே நினைக்கிறேன். இன்றைய உரையில் அந்தத் திறப்பைக் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

முதலில் அந்தப் பூச்சியைத் தெரிந்துகொள்வோம். அமெரிக்காவின் கொலறாடோ மாநிலத்துத் தென்மேற்கு மூலையில் சான் ஹுவான் என்னும் மலைத்தொடர் இருக்கிறது. சப்லிவென்ஸ் அந்த மலைகளையும் அவற்றை அண்டிய உயர்நிலங்களையும் விட்டு வேறெங்கும் வாழ்வதில்லை. சிறகை விரித்தால் ஏறத்தாழ ஓர் அங்குலம். ஆங்கிலத்தில் ‘நீலங்கள்’ என்று வழங்கும் சிறு வண்ணத்துப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பெயர்தான் நீலமே தவிர, அக்குடும்பத்தில் நீலமாக மினுங்குவன பெரும்பாலும் ஆண்களே. பெண்கள் மண்ணிறமாயிருக்கும், உணவுச்செடியை விட்டு அதிக தூரம் போகா, கண்ணிற் படுவதும் அரிது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நபொக்கோவ் 1899ஆம் ஆண்டு ருஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் பெருஞ்செல்வக் குடும்பத்திற் பிறந்தவர். வண்ணத்துப்பூச்சிப் பித்து சிறு வயதிலேயே பிடித்துக்கொண்டது. 1917ஆம் ஆண்டுப் புரட்சி வந்தது. 1919இல் குடும்பம் நாட்டை விட்டு வெளியேறியது. கேம்பிரிட்ஜ், பேர்லின், பாரிஸ் என்று அலைந்து, 1940இல் மனைவியோடும் மகனோடும் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். நாடும் போய், எழுதிப் பழகிய மொழியும் கைவிட்டுப்போக, நாற்பது வயதை அண்டிய பருவத்தில் இன்னொரு மொழியில் எழுதத் தொடங்கிய மனிதர். புலம்பெயர்வு என்பதன் பொருளை நமது வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் அவருக்குக் கிடைத்த முதல் நிலையான இருப்பிடங்களுள் ஒன்று ஹாவாட் பல்கலைக்கழகத்தின் ஒப்பீட்டு விலங்கியல் நூதனசாலை. 1948 வரை, நாளுக்குப் பல மணிநேரம் நுணுக்குக்காட்டியின் முன் குந்தியிருந்து நீலங்களை ஆராய்ந்தார். சிறகின் நிறத்தை நம்பி இவற்றைப் பிரித்தறிய முடியாது. ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பின் நுண்ணிய அமைப்பை அளந்து பார்த்தே இனத்தைத் துணிய வேண்டும். அந்த வேலை தம் கண்பார்வையையே பாதித்துவிட்டதாக அவர் பிற்காலத்திற் சொல்லியிருக்கிறார். ஆனாலும் அந்த ஆண்டுகளை மகிழ்ச்சியான காலமாகவே நினைவுகூர்ந்தார்.

அங்கே ஒரு பெட்டகத்தில் ஒன்பது பூச்சிகள் இருந்தன. ரெலுரைட் என்ற இடத்தின் அயலில் அரை நூற்றாண்டுக்கு முன் யாரோ பிடித்துக் குத்தி வைத்தவை. ஒன்பதும் ஆண்கள். அவற்றை ஆராய்ந்து, இது ஏனையவற்றிலிருந்து வேறான ஓர் உபஇனம் என்று முடிவு செய்து, 1949இல் நூதனசாலையின் வெளியீட்டில் சப்லிவென்ஸ் என்று பெயரிட்டார். சற்றே நீலம் பாரித்தது என்பது அந்த இலத்தீன் சொல்லின் கருத்து. பெயர் வைத்தாயிற்று; பத்திரிகையில் அச்சாயிற்று. அறிவியலின் கணக்கில் காரியம் முடிந்தது.

நபொக்கோவுக்கு அது முடியவில்லை. ஒன்பது ஆண்கள் இருக்கின்றன, பெண் எங்கே?

1951ஆம் ஆண்டுக் கோடையில் அதைத் தேடிப் புறப்பட்டார். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிப்பிக்கும் பேராசிரியர். கோடை விடுமுறை. கார் ஓட்டியவர் மனைவி வேரா. நபொக்கோவ் கடைசிவரை கார் ஓட்டப் பழகவில்லை. ‘லொலிற்றா’ அந்தக் காலத்திற் பாதி எழுதப்பட்ட கையெழுத்துப் படியாக, சிறு அட்டைகளில், அவரோடு கூடவே பிரயாணம் செய்துகொண்டிருந்தது. இரவில் வழியோர விடுதிகளில் தங்குவதும், பகலில் வலையோடு அலைவதும், இடையில் நிறுத்தி வைத்த காரினுள்ளே இருந்து அட்டைகளில் எழுதுவதுமாக அந்தக் கோடைகள் கழிந்தன.

ரெலுரைட் ஒரு சுரங்க நகரம். கடல்மட்டத்துக்கு மேல் 8,750 அடியில், மூன்று பக்கமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கின் முடிவில் இருக்கிறது. வெள்ளியும் பொன்னும் தோண்டிய நாளில் செழித்த ஊர். 1889இல் புட்ச் காசிடி என்ற பேர்போன கொள்ளைக்காரனின் கூட்டம் வங்கியைக் கொள்ளையிட்டதும் இவ்வூரிலேதான். 1951இல் அந்தச் செழிப்பு வாடிவிட்டது. பனிச்சறுக்கு வந்து பணக்கார உல்லாசபுரியாக அது மாறத் தொடங்கியது 1972க்குப் பிறகு. நபொக்கோவ் போன நாளில் இரண்டு மோசமான தெருக்கள் வந்து சேரும் ஒதுக்குப்புறம். தங்குவதற்கு ஒரேயொரு விடுதி. அந்தத் தெருக்களுள் ஒன்று டொலோரஸ் என்ற ஊரிலிருந்து வருவது. நாவலில் வரும் சிறுமிக்குப் பெற்றோர் வைத்த பெயரும் டொலோரஸ். ஸ்பானிய மொழியில் துயரங்கள் என்று பொருள்படும் சொல். இதையெல்லாம் கவனியாத மனிதரல்லர் நபொக்கோவ்.

யூலை 3ஆந் திகதியிலிருந்து 29 வரை அங்கே தங்கினார்கள். ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் புறப்பட்டு, 12,000 அடி வரை நடந்து ஏறினார். காலையில் வானம் துப்புரவாக இருக்கும். ஏழரைக்கு முதல் முகிற்குஞ்சு வரும். ஒன்பது மணிக்குக் கருமுகில்கள் சூரியனை மறைக்கத் தொடங்கும். வெயில் போனால் பூச்சி பறக்காது. ஆகவே ஒரு நாளைக்குக் கிடைப்பது சில மணிநேரந்தான். அதுவும் நிழலும் வெயிலும் மாறி மாறி.

கடைசியில் கண்டார். பழைய ரொம்போய் சுரங்கத்துக்குப் போகும் பாதைக்கு மேலே செங்குத்தான ஒரு சரிவு. 10,500 அடியில் தொடங்கி 11,000 அடியில் ஒரு முகட்டில் முடிகிறது. அந்தச் சரிவு முழுவதும் லூப்பின் என்ற, அவரைக் குடும்பத்துச் சிறு செடி பூத்து நிறைந்து கிடந்தது. பாதை நெடுகிலும் வேறெங்கும் அந்த லூப்பின் இல்லை. சப்லிவென்ஸும் வேறெங்கும் இல்லை. அதன் குடம்பி தின்பது அந்தச் செடியை; கூட்டுப்புழுவாவது அந்தச் செடியின் அடியில். மப்பும் மந்தாரமுமான நேரங்களில் ஆணும் பெண்ணும் அதே செடியின் கீழ் இலைகளில் ஒட்டிக்கொண்டிருந்தன. சிறகின் அடிப்புறத்து வெளிறிய நிறம் செடியின் நிறத்தோடு அப்படியே ஒத்துப்போனது. அரை நூற்றாண்டாக ஒருவர் கண்ணிலும் பெண் படாமற் போனதன் காரணம் அதுவாயும் இருக்கலாம்.

பெண் எப்படியிருந்தது? மேற்புறம் மழமழப்பான மங்கிய மண்ணிறம்; உயிரோடிருக்கையில் அதில் ஒலிவ்காயின் சாயல்; அதன்மேல் சாம்பல்நீலப் பொடி தூவினாற்போல. அயலிலுள்ள ஏனைய நீலங்களின் பெண்களைப் போல அது இல்லை. கனடாவிலும் அலாஸ்காவிலும் பனிநாட்டு ஓரங்களில் வாழும் உறவினங்களையே அது நினைவூட்டியது.

இந்தக் கடைசி விடயத்தில் சற்று நிற்க வேண்டும். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள வடதுருவத்துச் சாயல் ஒரு தெற்கு மலையில் எப்படி வந்தது? இத்தகைய மலையினங்களுக்கு விலங்கியலாளர் தரும் விளக்கம் இது. பனியுகத்திற் குளிர்நிலம் தெற்கே பரந்திருந்தது. குளிரை விரும்பும் உயிர்களும் அதனோடு தெற்கே வந்தன. பனி பின்வாங்கியபோது பெரும்பாலானவை வடக்கே திரும்பின. சில, மலையில் ஏறின. மலையுச்சியின் குளிரில் ஒதுங்கின. கீழேயுள்ள வெப்பப் பள்ளத்தாக்குகளைக் கடக்க முடியாமல் அங்கேயே தங்கிவிட்டன. கடல் சூழ்ந்த தீவு போல, வெப்பம் சூழ்ந்த தீவு. உறவுகள் வடக்கே, தாம் மட்டும் இங்கே. நாட்டை இழந்து வந்த ஒரு ருஷ்யர் அந்தச் சரிவில் நின்று இந்தப் பூச்சியைக் கையில் எடுத்தபோது என்ன நினைத்திருப்பார் என்று நான் ஊகித்துச் சொல்லப் போவதில்லை. அவர் எழுதியது 1952இல் ஓர் அறிவியல் இதழில் வந்த சிறு கட்டுரை மட்டுமே. அதில் சரிவின் முகவரி இருக்கிறது, உயரம் இருக்கிறது, செடியின் பெயர் இருக்கிறது. நெஞ்சுருகல் கிடையாது.

இனி நாவலுக்கு வருவோம். ‘லொலிற்றா’ என்ற பெயரைக் கேட்டதும் முகஞ்சுளிப்போர் உண்டு. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். முப்பத்தேழு வயதான ஹம்பேர்ட் என்ற படித்த மனிதன், பன்னிரண்டு வயதுச் சிறுமியின் மீது கொண்ட வெறியால், அவளது தாயை மணந்து, தாய் இறந்ததும் சிறுமியைக் காரில் ஏற்றிக்கொண்டு அமெரிக்காவெங்கும் விடுதி விடுதியாக அலைகிறான். சட்டமும் சமயமும் மனிதத்தன்மையும் பாதகம் என்று சொல்லும் செயலைச் செய்கிறான். கொடுமை என்னவென்றால், கதையைச் சொல்பவனும் அவனே. அழகான மொழியில், சிரிப்பும் கண்ணீருமாகச் சொல்லி, வாசகனைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கிறான். அந்த மொழியில் மயங்கி இதைக் காதற்கதை என்று சொன்ன விமரிசகர்களும் இருந்தார்கள். நாவலின் பெயரே சிறுமியைக் குறிக்கும் கொச்சைச் சொல்லாக ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கியது அதைவிடப் பெரிய அநியாயம்.

வண்ணத்துப்பூச்சி விடயம் தெரிந்த விமரிசகர் சிலர் இன்னொரு வாசிப்பைத் தருகிறார்கள். நபொக்கோவ் வேட்டைக்காரர், ஹம்பேர்டும் வேட்டைக்காரன். சிறுமிதான் வண்ணத்துப்பூச்சி. வலை வீசுகிறார்கள், பிடிக்கிறார்கள், ஊசியிற் குத்திவைக்கிறார்கள். ஆகவே எழுத்தாளர் தம் மறைமனத்தையே அங்கே காட்டிவிட்டார் என்பது அவர்களது வாதம். கேட்பதற்குக் கெட்டித்தனமாக இருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை.

உடன்பாடில்லை என்பதற்காக, இல்லாத மென்மையை நான் நபொக்கோவுக்கு ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அவர் பூச்சிகளைக் கொன்றார். மார்புப் பகுதியை விரலால் நசுக்கிக் கொன்று, தாள் உறையிலிட்டு எடுத்துவந்தார். கொல்லாமை படித்து வளர்ந்த நமக்கு அது உறுத்தத்தான் செய்யும்; எனக்கும் உறுத்துகிறது. ஆனால் இங்கே கேள்வி, இருவரும் பார்த்த பார்வை ஒன்றா என்பது.

நாவலில் ஓரிடம். மாலை மங்கும் நேரம். மங்கலான பூக்களின் முன் சாம்பல்நிறத் தேன்சிட்டுகள் நூற்றுக்கணக்கில் அந்தரத்தில் நின்று தேன் உறிஞ்சுவதாக ஹம்பேர்ட் வருணிக்கிறான். அழகான வருணனை. ஆனால் பிழை. சாம்பல்நிறத் தேன்சிட்டு இல்லை. இருட்டிற் பறக்கிற தேன்சிட்டும் இல்லை. அவன் கண்டவை ஒருவகைப் பெரிய அந்துப்பூச்சிகள். தேன்சிட்டைப் போலவே நின்று தேன் குடிப்பவை. இதைப் பின்னாளில் நபொக்கோவே சுட்டிக்காட்டினார். தம் கதாநாயகனுக்கு இயற்கை தெரியாது என்பதை வேண்டுமென்றே வைத்ததாக அவர் சொன்னது, நாவலுக்குக் குறிப்புரை எழுதியவர் மூலம் பதிவாகியிருக்கிறது.

இப்போது ரெலுரைட் சரிவைத் திரும்பிப் பாருங்கள். லூப்பினோடு அங்கே இன்னொரு செடியும் இருந்தது. கோபுரம்போல நெடிதுயர்ந்து பூக்கும் பச்சைநிறச் செடி. அந்தப் பூக்களைத் தேடி அங்கே வந்த உயிர்கள் எவை என்று 1952ஆம் ஆண்டுக் கட்டுரையில் நபொக்கோவ் குறித்திருக்கிறார்: அகன்ற வாலுடைய தேன்சிட்டு ஒன்று, வெண்கோடுடைய அந்துப்பூச்சி ஒன்று. இரண்டும் ஒரே பூவில். இரண்டையும் வேறு வேறாக, இனப்பெயர் சொல்லிப் பதிகிறார். எழுத்தாளர் ஒரே சரிவில் பிரித்துக் கண்டதை, அவர் படைத்த மனிதன் ஒன்றாகக் குழப்புகிறான். அந்தக் குழப்பத்தை நாம் அழகு என்று நம்பவும் செய்கிறோம்.

ஹம்பேர்டின் பாவத்துக்கும் அவனது பார்வைக்கும் உள்ள தொடர்பு இங்கேதான் இருக்கிறது. தான் கண்டு மயங்கியதைப் பற்றி அவன் பக்கம் பக்கமாகப் பேசுகிறான். எதிரே நிற்பது என்னவென்று கேட்பதில்லை. டொலோரஸ் என்ற பிள்ளைக்கு ‘லொலிற்றா’ என்று தானே ஒரு பெயரிட்டு, அந்தப் பெயரைத் தன் நாவில் உருட்டிச் சுவைக்கிறான். அவள் என்ன நினைக்கிறாள், இரவில் ஏன் அழுகிறாள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும் தள்ளி வைக்கிறான். பெயர் வைப்பதில் நபொக்கோவும் குறைந்தவரல்லர் என்று யாராவது சொல்லலாம். பூச்சியின் பின்னால் தம் பெயரையும் ஒட்டிக்கொண்டவர்தானே! அது உண்மை, அதில் அவருக்குப் பெருமையும் இருந்தது. ஆனால் அந்தப் பெயர் பிறர் சோதித்துப் பார்ப்பதற்காக வைத்த பெயர். சரிவின் முகவரியைக் கொடுத்து, வந்து பாருங்கள், பிழையானால் மாற்றுங்கள் என்று வெளியில் வைத்த பெயர். மாற்றியும் இருக்கிறார்கள். அடைப்புக்குறிக்குள் தனி இனம்போல அவர் எழுதிய சப்லிவென்ஸ், இன்று இடாஸ் என்னும் பரந்த இனத்தின் ஓர் உபஇனமாகவே கொள்ளப்படுகிறது. ஹம்பேர்ட் வைத்த பெயரை எவரும் திருத்த முடியாது. அது அவனுக்கு மட்டும் சொந்தமான சிறை.

இனி அந்த மலைப்பாதைக் காட்சி. நாவலின் முடிவுக்குச் சற்று முன்னே வருகிறது. சிறுமி அவனிடமிருந்து தப்பிப்போன பிறகு ஒருநாள், மலைத்தெரு ஒன்றின் ஓரத்தில் ஹம்பேர்ட் காரை நிறுத்துகிறான். கீழே ஒரு சுரங்க நகரம். கூரைகளும் தெருக்களும் தெரிகின்றன. ஆனால் அவனைப் பிடித்து நிறுத்துவது கண்ணுக்குத் தெரிவது அல்ல, காதில் விழுவது. ஆவி எழுவதுபோல இடைவிடாமல் மேலே எழுந்து வரும் மெல்லிய ஒலி. அது விளையாடும் பிள்ளைகளின் குரல்கள் என்று அவனுக்குப் புரிகிறது. அந்தக் குரல்களைக் கேட்டுக்கொண்டு நின்றவன், தன் பக்கத்தில் அவள் இல்லாததல்ல துயரம், அந்தக் குரல்களின் கூட்டத்தில் அவளுடைய குரல் இல்லாததே துயரம் என்று உணர்கிறான்.

முந்நூறு பக்கமளவு தன்னைப் பற்றியே பேசிய ஒருவன், ஒரு பிள்ளை எங்கே இருந்திருக்க வேண்டும் என்பதை முதன்முதலாக நினைக்கிறான். அவளுடைய இடம் எது? அவனது காரும் விடுதி அறையும் அல்ல; ஏனைய பிள்ளைகள் கத்தி விளையாடும் அந்தத் தெரு. அவளை அங்கிருந்து பிடுங்கியவன் அவன். அது விளங்கும்போது எல்லாம் கடந்துவிட்டது. இந்தக் காட்சிக்காக அவனை மன்னிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாவலும் அப்படிச் சொல்வதாக எனக்குத் தெரியவில்லை. அதுவும் அவன் அழகாகச் சொல்லும் இன்னொரு வாக்கியமே என்று சந்தேகிப்போரும் உண்டு. அந்தச் சந்தேகத்துக்கும் நாவலில் இடம் இருக்கிறது.

நான் கவனிப்பது வேறு. ‘இங்கே ஒன்று இல்லை’ என்று கண்டுபிடிப்பது எளிய காரியமல்ல. இருப்பதை எவரும் பார்ப்பர். பெட்டகத்தில் ஒன்பது நீல ஆண்கள் மினுங்கிக்கொண்டிருக்க, அங்கே இல்லாத மண்ணிறப் பெண்ணை நினைத்து, ஆயிரக்கணக்கான மைல் போய், நாளும் மூவாயிரம் அடி ஏறித் தேடிய மனிதரால்தான், பிள்ளைகளின் குரல்களுக்கிடையே இல்லாத ஒரு குரலைக் கேட்கும் காட்சியை எழுத முடிந்தது. தாம் படைத்த பாதகனுக்கு, கடைசி நேரத்தில், ஒரு கணத்துக்கு மட்டும், தமது காதைக் கடனாகக் கொடுத்திருக்கிறார். எந்த மலையில் நின்று அதைக் கொடுத்தார் என்பதற்கான சாட்சிதான் அந்த அடைப்புக்குறி.

இந்த இடத்தில் ஒரு தமிழாசிரியனின் நினைவு நம் குறிஞ்சிப்பாட்டுக்குப் போவதைத் தடுக்க முடியாது. கபிலர் அதில் தொண்ணூற்றொன்பது பூக்களை வரிசையாகப் பெயர் சொல்லி அடுக்குகிறார். மாணவர்களுக்கு அந்தப் பகுதி வந்ததும் கொட்டாவி வரும். ஆசிரியர்களாகிய நாமும் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, பரீட்சைக்கு வரும் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஒரு நிலத்தின் உணர்ச்சியைச் சொல்ல வருபவன் அந்த நிலத்தின் பூவையும் பறவையையும் பிழையின்றிச் சொல்லக் கடமைப்பட்டவன் என்ற பெரிய இலக்கியக் கொள்கை அதற்குள் இருக்கிறது. கருப்பொருள் பிழைத்தால் உரிப்பொருளிலும் எங்கோ பொய் கலந்திருக்கும். தேன்சிட்டையும் அந்துப்பூச்சியையும் குழப்புகிறவன் சொல்லும் காதலை நம்பாதே என்று தொல்காப்பியர் எழுதி வைக்கவில்லைத்தான். ஆனால் அந்தக் கொள்கையை அறிந்த வாசகன் ஹம்பேர்டிடம் சற்று விரைவிலேயே விழித்துக்கொள்வான் என்று நினைக்கிறேன். நம்முடைய சங்கப் பாடல்களில் வண்டும் தும்பியும் ஞிமிறும் சுரும்பும் மொய்க்கிற அளவுக்கு வண்ணத்துப்பூச்சி வரவில்லை. அது ஏனென்று யாராவது விரிவாக ஆராய்ந்தால் நன்று.

நபொக்கோவின் விஞ்ஞானத்தை அவர் காலத்து நிபுணர்கள் சிலர் பொழுதுபோக்காக மதித்தார்கள். 1945இல் அவர் வெளியிட்ட கட்டுரையொன்றில், அமெரிக்கக் கண்டங்களின் நீலங்களுடைய மூதாதைகள் ஆசியாவிலிருந்து பேரிங் வழியாக ஐந்து அலைகளாக வந்தன என்று ஊகித்திருந்தார். கையில் இருந்தது நுணுக்குக்காட்டி மட்டுமே. 2011இல், அவர் வேலை செய்த அதே ஹாவாட்டைச் சேர்ந்தவர்கள் உட்பட்ட ஒரு குழுவினர் மரபணுவைக் கொண்டு சோதித்து, அவர் சொன்ன ஐந்து அலைகளும் சரியென்று இங்கிலாந்தின் ரோயல் சொசைற்றி இதழில் எழுதினார்கள். அப்போது அவர் இறந்து முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

சான் ஹுவான் மலைகளின் கதையும் அங்கே முடியவில்லை. அவர் ஏறி இறங்கிய அதே மலைத்தொடரில், 1978இல், அன்கொம்பாக்ரே என்ற சிகரத்தில் இன்னொரு வண்ணத்துப்பூச்சியைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை அறிவியலுக்குத் தெரியாத ஒன்று. 12,000 அடிக்கு மேலே, தரையோடு தரையாகப் படரும் பனிவில்லோச் செடிகளிடையே வாழ்வது. முட்டையிலிருந்து சிறகு முளைப்பதற்கு இரண்டு ஆண்டுகள் எடுப்பது. 1980இல் அதற்குப் பெயர் வைத்தார்கள். 1991இல் அழியும் ஆபத்திலுள்ள இனமென்று அமெரிக்க அரசு அதைப் பட்டியலிட்டது. அனுமதியின்றி இன்று ஒருவர் அதன்மேல் வலை வீசினால் சட்டம் பாயும். சூடு கூடக் கூட இத்தகைய பூச்சிகள் மேலே மேலே ஏற வேண்டும். சிகரத்துக்கு மேலே ஏறுவதற்கு நிலம் கிடையாது. சப்லிவென்ஸ் வாழும் சரிவு அதைவிடச் சற்றுக் கீழே இருப்பதால் அதற்கு இன்னும் கொஞ்சம் மலை மிச்சமிருக்கிறது.

ரொம்போய் பாதை இன்றும் இருக்கிறது. 13,114 அடி உயரத்திலுள்ள இமோஜின் கணவாயைத் தாண்டி அது மறுபக்கம் இறங்குகிறது. கோடையில் ஜீப்புகள் புழுதி கிளப்பிக்கொண்டு ஏறும். பழைய சுரங்கங்கள் இடிந்து கிடக்கின்றன. யூலையில் லூப்பின் பூக்கும்போது அதன் கீழ் இலைகளைக் குனிந்து பார்க்கிறவர்களுக்கு, மண்ணிறத்தில் சாம்பல்நீலம் தூவிய சிறு பெண் பூச்சியைக் காண வாய்ப்புண்டு. கீழே, ஊர்ச் சந்தடி காதில் விழும்.